வெள்ளி உதிர்ந்த இடத்தைப் பாருங்கள்

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் 42, 43ஆம் அறைகளில் இஸ்லாமிய உலகின் கலைப்பொருட்கள் ஏழாம் நூற்றாண்டில் தொடங்கி நம் காலம் வரை வரிசையாக இருக்கின்றன. இந்தப் பிரிவு 2018 அக்டோபரில் திறக்கப்பட்டது. பணம் கொடுத்தது மலேசியாவின் அல்புகாரி அறக்கட்டளை. அதன் பெயர்தான் பிரிவுக்கும். கோலாலம்பூரில் 1998இல் திறந்த இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்துக்குப் பின்னால் இருப்பவர்களும் இவர்களே. அதற்கு முன் இந்தத் தொகுப்பு 34ஆம் அறையில், வடக்கு வாசல் பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. இடம் மாறியபோது எதையெல்லாம் காட்டலாம் என்ற எண்ணமும் மாறிவிட்டது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து இந்தோனேசியா வரைக்குமான துணி, இசைக்கருவி, நிழற்பாவை எல்லாம் உள்ளே வந்தன. இன்று உயிரோடிருக்கும் கலைஞர்களின் வேலைகளும் அதே கூரையின் கீழ் இடம்பிடித்தன. நுழைவுக் கட்டணம் கிடையாது.

ஆனாலும் பெரும்பாலோர் இந்த இரண்டு அறைகளையும் மளமளவென்று கடந்துபோய்விடுகிறார்கள். அதில் ஆச்சரியம் இல்லை. கொடி, நட்சத்திரம், பலகோணம், அரபு எழுத்து என்று நான்கைந்து பெட்டிகள் பார்த்ததுமே கண் சலித்துவிடும். பிறகு எல்லாமே ‘நுணுக்கமான வேலைப்பாடு’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். கோலத்தை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஆகும். எனக்குத் தெரிந்தவரை ஒரு வழி நன்றாக வேலை செய்கிறது. எந்தப் பொருளின் முன் நின்றாலும் இதை எப்படிச் செய்தார்கள், செய்யும்போது எந்தக் கட்டத்தில் கெட்டுப்போயிருக்கும் என்று கேளுங்கள். எட்டு நூற்றாண்டுப் பழைய பித்தளைக்கும் 2018இல் செய்த மரத்தட்டிக்கும் இந்தக் கேள்வி ஒருபோலப் பொருந்தும். புதிய வேலைகளில் எது பழையவற்றின் பக்கத்தில் நிற்கத் தகுதியுள்ளது என்பதையும் இதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் போய் நிற்க வேண்டிய இடம் பிளாக்காஸ் கெண்டி. இந்தப் பித்தளைக் கெண்டியை ஹிஜ்ரி 629 ரஜப் மாதத்தில், அதாவது 1232 ஏப்ரலில், இராக்கின் மோசுல் நகரில் ஷுஜா இப்னு மனஆ என்பவர் செய்தார். இதைச் சொல்ல ஆராய்ச்சியாளர் யாரும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. செய்தவர் பெயர், ஊர், மாதம், ஆண்டு எல்லாம் கெண்டியிலேயே பொறித்திருக்கிறது. மோசுல்காரர்கள் என்று கையொப்பமிட்ட உலோக வேலைக்காரர்கள் பலர் உண்டு. ஆனால் மோசுலிலேயே செய்தது என்று தன் உடம்பிலேயே சொல்லும், வெள்ளி பதித்த பாத்திரம் இது ஒன்றுதான் நமக்குக் கிடைத்திருக்கிறது. மற்ற கைவினைஞர்களில் பலர் டமாஸ்கஸுக்கும் கெய்ரோவுக்கும் பிழைக்கப் போனவர்கள். பெயரோடு ‘அல் மவ்ஸிலி’ என்ற அடைமொழியைச் சுமந்துகொண்டே போனார்கள். 1262இல் மங்கோலியர்கள் மோசுலைச் சூறையாடிய பிறகு அந்தப் பெயர் வெளியூர்களில்தான் வாழ்ந்தது.

செய்முறை இப்படி. பித்தளையை அடித்து உருவாக்கி, மேல்பரப்பில் வடிவத்தைக் கீறிக்கொள்வார்கள். உருவத்துக்கான பகுதியை உளியால் மெல்லிய பள்ளமாகச் செதுக்குவார்கள். இந்த வேலையின் உயிர்நாடி அடுத்த படியில் இருக்கிறது: பள்ளத்தின் ஓரத்தை உட்பக்கமாகச் சாய்த்து வெட்ட வேண்டும். அப்போது ஓரத்தில் பித்தளை ஒரு சின்ன உதடுபோல மேலே எழும்பும். பள்ளத்தின் அளவுக்கு நறுக்கிய வெள்ளித் தகட்டை உள்ளே வைத்து, எழும்பிய உதட்டை அதன் மேல் தட்டி மடித்தால் வெள்ளி பிடித்துக்கொள்ளும். ஒட்டுப்பசையும் இல்லை, ஈயப்பற்றும் இல்லை. தகடு உட்கார்ந்த பிறகுதான் அதன் மேல் முகம், கண், உடை மடிப்பு எல்லாவற்றையும் கூரிய கருவியால் பொறிப்பார்கள். சிவப்பு நிறம் தேவைப்படும் இடத்தில் செம்பு வைப்பார்கள். உருவங்களுக்கு இடையே மிஞ்சும் தரையில் கீல் போன்ற ஒரு கறுப்புப் பொருளை நிரப்பினால் வெள்ளி பளிச்சென்று எடுத்துக்காட்டும்.

எங்கே கெடும்? ஓரத்தைச் சரியாகச் சாய்த்து வெட்டவில்லையென்றால் தகடு ஒரு நாள் கழன்று விழும். பாத்திரம் புழக்கத்தில் இருந்து நூற்றாண்டுக்கணக்கில் துலக்கப்பட்டால் தகடு தேய்ந்து, மேலே பொறித்த கண்ணும் மூக்கும் அழிந்து, மொட்டை வெள்ளி மட்டும் மிஞ்சும். கறுப்புப் பொருள் சுரண்டப்பட்டால் முழுப் பாத்திரமும் வெளிறிவிடும். இந்த வகைப் பாத்திரங்களின் முன் நிற்கும்போது முழுதாக இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, வெள்ளி உதிர்ந்த இடத்தைத் தேடுங்கள். கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து, விளக்கொளி சாய்வாக விழும்படி பார்த்தால் உளி பட்ட தடமும், மடங்கிய ஓரமும் தெரியும். இந்த ஓட்டைகள்தாம் செய்முறையின் முழு விளக்கம். அவற்றைப் பார்த்த பிறகு முழுதாக இருக்கும் பகுதிக்குத் திரும்பினால், முன்பு வெறும் மினுக்கமாகத் தெரிந்தது இப்போது ஆயிரக்கணக்கான சிறு தகடுகளாகப் பிரிந்து தெரியும்.

கெண்டியில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். வேட்டைக்காரர்கள், போர்வீரர்கள், இசைப்பவர்கள், ஒட்டகத்தில் போகும் ஒரு பெண், கண்ணாடியில் முகம் பார்க்கும் இன்னொரு பெண், அருகே பணிப்பெண். இஸ்லாமியக் கலையில் மனித உருவமே வராது என்று நினைத்து உள்ளே வருபவர்கள் இந்தப் பெட்டியின் முன் குழம்பிப்போவார்கள். பள்ளிவாசலும் குர்ஆன் பிரதியும் உருவங்களைத் தவிர்த்தன. அரண்மனையிலும் வீட்டிலும் புழங்கிய பாத்திரம், ஓடு, சுவடி ஆகியவற்றில் உருவங்கள் தாராளமாக வந்தன. காலத்துக்கும் ஊருக்கும் தக்கபடி கெடுபிடி கூடியும் குறைந்தும் இருந்தது. இந்த ஒரு விஷயம் தெளிவானால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

விவர அட்டையில் இரண்டு ஆண்டுகள் போட்டிருப்பதைப் பார்ப்பீர்கள். ஹிஜ்ரி ஆண்டைப் பொது ஆண்டாக மாற்ற மனக்கணக்கு ஒன்று உண்டு: ஹிஜ்ரி எண்ணை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டுங்கள். 629 என்றால் 610 சொச்சம், கூட்டினால் 1232. சந்திர ஆண்டு சுமார் 11 நாள் குறைவு என்பதால்தான் இந்த 0.97. ஹிஜ்ரி ஆண்டு பெரும்பாலும் நம் ஆண்டின் இடையே எங்கோ தொடங்கி அடுத்த ஆண்டுக்குள் நீளும். மாதம் தெரியாத பொருட்களுக்கு 1241–42 என்று இரண்டு ஆண்டுகளைச் சேர்த்துப் போட்டிருப்பதன் காரணம் அதுதான்.

அப்படி 1241–42 என்று குறித்த ஒரு பொருள் இதே பிரிவில் இருக்கிறது. முஹம்மது இப்னு குத்லுக் என்ற மோசுல்காரர் செய்த குறிபார்க்கும் பலகை. மணலில் புள்ளி குத்திப் பலன் சொல்லும் முறையை முழுக்கப் பித்தளைக்குள் கொண்டுவந்திருக்கிறார். சின்னச் சின்னச் சுழல்தட்டுகளைத் திருப்பினால் புள்ளிக் கூட்டங்கள் சன்னலில் வந்து நிற்கும். அவற்றைக் கொண்டு பலனைக் கண்டுபிடிக்க வேண்டும். அதன் மேலுள்ள வாசகத்தில் கருவியே ‘நான்’ என்று பேசுகிறது, மறைந்திருப்பதை வெளிப்படுத்துபவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. வெள்ளியோடு தங்கமும் பதித்த வேலை. ஒவ்வொரு தட்டும் சிக்காமல் சுற்ற வேண்டும், அதே சமயம் ஆடவும் கூடாது. அலங்காரத்துக்கு முன்னால் இவர் தீர்த்தது ஓர் இயந்திரக் கணக்கு.

அடுத்து மட்பாண்டம். இதில் நிதானமாக நிற்க வேண்டும். ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத ரசாயனம்தான் இங்கே கலையைத் தீர்மானிக்கிறது.

சீனாவிலிருந்து வந்த வெள்ளைப் பீங்கானுக்கு ஈடாக ஒன்று செய்ய வேண்டும் என்ற ஆசை மேற்காசியக் குயவர்களைப் பல நூற்றாண்டுகள் விடவில்லை. அவர்களிடம் பீங்கானுக்கான வெள்ளைக் களிமண் கிடையாது. அதனால் மண்ணை விட்டுவிட்டுக் கல்லுக்குப் போனார்கள். ஈரானின் காஷான் நகரில் புகழ்பெற்ற குயவர் குடும்பத்தில் பிறந்த அபுல் காசிம் 1301இல் எழுதிவைத்த கணக்கு நமக்குக் கிடைத்திருக்கிறது: அரைத்த வெண்கல் என்னும் குவார்ட்ஸ் 10 பங்கு, கண்ணாடித் தூள் 1 பங்கு, வெள்ளைக் களிமண் 1 பங்கு. களிமண் பிசுபிசுப்பைக் கொடுக்கும். கண்ணாடித் தூள் சூட்டில் உருகிக் கல்துகள்களைப் பிணைக்கும். பிரச்சினை என்னவென்றால் 12 பங்கில் ஒரே பங்குதான் களிமண். சக்கரத்தில் இழுத்தால் நீளாது, கிழியும். உயரமான மெல்லிய சாடியை ஒரே இழுப்பில் எடுக்க முடியாது. அச்சில் அழுத்தியோ, துண்டு துண்டாகச் செய்து ஒட்டியோதான் எடுக்க வேண்டும். இந்த வகைப் பாண்டங்களில் கழுத்து சேரும் இடத்தில் ஓர் இணைப்பு தட்டுப்பட்டால் அதன் காரணம் இதுதான்.

லஸ்டர் என்று அழைக்கப்படும் உலோக மினுக்கம் இன்னும் கடினமானது. ஒன்பதாம் நூற்றாண்டு இராக்கில் தொடங்கி, எகிப்து, சிரியா, காஷான், ஸ்பெயின் என்று பயணம் போன வித்தை. பாண்டத்தை முதலில் கண்ணாடிபோல் உறையும் மேற்பூச்சோடு சுட்டு முழுக்க ஆறவிடுவார்கள். பிறகு வெள்ளி, செம்பு உப்புகளைக் காவி மண்ணோடும் வினிகரோடும் குழைத்து, ஆறிய பூச்சின் மேல் படம் வரைவார்கள். இரண்டாவது சூடு சுமார் 600 டிகிரிதான், முதலாவதைவிட மிகக் குறைவு. அந்தச் சமயத்தில் சூளையின் காற்று வழியை அடைத்துப் புகை மூட்ட வேண்டும். பிராணவாயு கிடைக்காத நெருப்பில் கார்பன் மோனாக்சைடு உருவாகும். அது உப்பிலுள்ள பிராணவாயுவை உருவிக்கொள்ள, வெள்ளியும் செம்பும் மிகமிகச் சிறிய உலோகத் துகள்களாகப் பூச்சின் மேல்தோலுக்குள் தங்கிவிடும். ஆறிய பின் மேலே கருகிக் கிடக்கும் காவியைத் துடைத்தால்தான் மினுக்கம் வெளியே வரும். அதுவரை உள்ளே என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது.

சூடு கொஞ்சம் ஏறினால் பூச்சு இளகி, காவி அதிலேயே ஒட்டிக்கொள்ளும், துடைத்தாலும் போகாது. புகை குறைந்தால் படம் வெளிறிய மஞ்சளாக நின்றுவிடும். புகை மிஞ்சினால் கறுத்துவிடும். அதனால் சூளையின் துவாரம் வழியாகச் சோதனைத் துண்டுகளைக் கம்பியால் வெளியே எடுத்துப் பார்த்துப் பார்த்துத்தான் நெருப்பை நிறுத்துவார்கள். இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆல்டர்மாஸ்டனில் 1955 முதல் சூளை நடத்திய ஆலன் கேகர்ஸ்மித் விறகு நெருப்பில் இந்த வித்தையை மறுபடி வசப்படுத்தினார். காட்சிப்பெட்டியின் முன் செய்ய வேண்டியது எளிது: நேராக நின்று பார்க்காதீர்கள். தலையை இடமும் வலமும் மெதுவாக நகர்த்துங்கள். நேரில் பழுப்பாகத் தெரிந்த தட்டு ஒரு கோணத்தில் தங்கமாகும், சிலவற்றில் நீலமும் ஊதாவும் ஓடும். அசையாமல் எடுத்த புகைப்படத்தில் இது வரவே வராது.

மட்பாண்டத்தில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது ஜெருசலேத்தின் பாறைக் குவிமாடத்திலிருந்து வந்த இஸ்னிக் விளக்கு. இஸ்னிக் என்பது பாண்டங்களுக்குப் பேர்போன துருக்கி ஊர். முஸ்லி என்ற ஓவியக் கைவினைஞரின் பெயரும் ஹிஜ்ரி 956 என்ற ஆண்டும் அதில் இருக்கின்றன; மேலே சொன்ன கணக்கைப் போட்டால் 1549. உஸ்மானிய சுல்தான் சுலைமான் அந்தக் கட்டடத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்த காலம். 1887இல் அருங்காட்சியகத்துக்கு வந்தது. வடிவம் பள்ளிவாசலில் சங்கிலியில் தொங்கும் கண்ணாடி விளக்கின் வடிவம், கைப்பிடி வளையங்கள் உட்பட. ஆனால் சுட்ட பாண்டம் என்பதால் ஒளி வெளியே வராது. எகிப்தின் மம்லூக் காலக் கண்ணாடி விளக்குகளில் ‘அல்லாஹ் வானங்கள் பூமியின் ஒளி’ என்ற வசனத்தை எனாமலால் எழுதியிருப்பார்கள். உள்ளே திரி எரியும்போது எழுத்தைச் சுற்றி ஒளி பரவும். முஸ்லியின் விளக்கு அந்த வேலையைச் செய்ய வந்ததல்ல. அதன் இடத்தில் தொங்கி, வெளிச்சம் வேண்டிய இடத்தில் நீலத்தையும் எழுத்தையும் வைத்தது.

இந்த விளக்கில் சிவப்பு இல்லை என்பதைக் கவனியுங்கள். இஸ்னிக்கின் பேர்போன தக்காளிச் சிவப்பு அடுத்த சில ஆண்டுகளில்தான் வருகிறது. இஸ்தான்புல் சுலைமானியா பள்ளிவாசலின் ஓடுகளில், 1557 வாக்கில், அது தெளிவாக இருக்கிறது. மற்ற நிறங்கள் பூச்சுக்குள் கரைந்து படரும். சிவப்பு மட்டும் இரும்புச்சத்து நிறைந்த மண். மெல்லியதாகப் பூசினால் சூட்டில் பழுப்பாகி மங்கிவிடும். அதனால் தடிமனாக அப்ப வேண்டும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் பூவின் சிவப்பு இதழ் மட்டும் தட்டின் பரப்பிலிருந்து மேடாக எழுந்து நிற்பது தெரியும். ஓர் இஸ்னிக் தட்டு எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று அட்டையைப் பார்க்காமலே தோராயமாகச் சொல்ல இது உதவும்.

தாளும் துணியும் வேறு கதை. இருட்டாக இருக்கிறதே என்று பலரும் குறைப்படும் பெட்டிகள் அவைதாம். உலோகமும் பாண்டமும் வெளிச்சத்துக்கு அஞ்சாதவை. தாள், பட்டு, சாயம் அப்படியல்ல. ஒளியின் சேதம் சேர்ந்துகொண்டே போகும், விளக்கை அணைத்தால் திரும்ப வராது. ஆகவே அருங்காட்சியகங்கள் இவற்றுக்கு 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவில் நிறுத்திக்கொள்கின்றன; சில மாதங்களுக்கு ஒருமுறை பொருளையே மாற்றிவிடுகின்றன. பயணம் திட்டமிடுபவர்களுக்கு இதனால் ஒரு நடைமுறைப் பாடம் உண்டு. குறிப்பிட்ட ஓர் ஓவியத்தையோ குர்ஆன் ஏட்டையோ பார்க்கவே போகிறீர்கள் என்றால், அது இப்போது காட்சியில் இருக்கிறதா என்று அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் முன்னதாகச் சரிபாருங்கள். கெண்டியும் விளக்கும் வழக்கமாக இடம் மாறாது; தாள் மாறும். உள்ளே போன பிறகு, போன் திரையைப் பார்க்காமல் இரண்டு மூன்று நிமிடம் அந்த அரையிருட்டில் நில்லுங்கள். கண் பழகியதும் மறைந்திருந்த கோடுகள் மேலே வரும்.

எழுத்தணிக்குத் தாளைத் தயார் செய்வதே தனி வேலை. மாவுக் கஞ்சி பூசி, படிகாரம் சேர்த்து அடித்த முட்டை வெண்கரு பூசி, காய்ந்ததும் அகேட் கல்லால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். உடனே எழுதினால் பூச்சு வெடிக்கும். மாதக்கணக்கில், நல்ல தாள் என்றால் ஓராண்டு, அடுக்கி வைத்துவிடுவார்கள். இப்படிச் செய்த தாளில் மை உள்ளே ஊறாது, மேலேயே நிற்கும். அதனால் நாணல் எழுதுகோல் வழுக்கிக்கொண்டு போகும், தவறினாலும் ஈரத்துணியால் துடைத்துத் திருத்தலாம். அளவுகோல் எழுதுகோலின் முனையேதான். முனையை அழுத்தினால் விழும் சாய்சதுரப் புள்ளி ஒன்று. அரபின் முதல் எழுத்தான அலிஃப் எத்தனை புள்ளி உயரம், வளைவு எத்தனை புள்ளி அகலம் என்று எல்லாவற்றையும் இந்தப் புள்ளியால் அளப்பார்கள். பக்தாதில் அமைச்சராக இருந்து 940இல் இறந்த இப்னு முக்லாவோடு இந்த முறையைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். ஸுலுஸ் என்ற எழுத்து வகையில் அலிஃப் வழக்கமாக ஏழு புள்ளி. ஓர் ஏட்டைப் பார்க்கும்போது ஒரு புள்ளியைக் கண்ணால் எடுத்து அலிஃபின் மேல் அடுக்கிப் பாருங்கள். அரபு தெரியாதவருக்கும் எழுத்து படிக்கக் கிடைக்கும் வழி அது.

சிற்றோவியங்களில் ஒரு குறை அடிக்கடி கண்ணில் படும்: படத்தைச் சுற்றியுள்ள பச்சைக் கோட்டின் வழியே தாள் பழுப்பேறி, சில இடங்களில் வெட்டியதுபோலப் பிளந்திருக்கும். செம்பிலிருந்து எடுத்த பச்சை, தாளின் நாரை அரித்துத் தின்றுவிடுகிறது. பாரசீகக் கைவினைஞர்கள் அந்தப் பச்சையில் குங்குமப்பூ கலந்தார்கள். நிறத்துக்காக மட்டும் கலந்ததுபோலத் தோன்றினாலும் அரிப்பை மட்டுப்படுத்தும் குணம் அதற்கு இருக்கிறது.

இனி நம் காலத்து வேலைகள். பிரிவுக்குள் நடப்பவர்கள் பலர் கவனிக்காமல் விடும் ஒன்று சன்னல்களில் இருக்கிறது. சவூதிக் கலைஞர் அஹ்மத் அங்காவி வால்நட் மரத்தில் செய்த தட்டிகள் அவை. ஜித்தாவின் பழைய வீடுகளின் முகப்பில் தொங்கும் மரச் சன்னல்களில் உள்ள ‘மங்கூர்’ என்ற முறை. கெய்ரோவில் கடைசல் பிடித்த உருண்டைகளைக் கோத்து மறைப்புச் செய்வார்கள். மங்கூரில் தட்டையான சட்டங்களில் காடி வெட்டி ஒன்றை ஒன்று கவ்வ வைப்பார்கள். நம் தச்சர்கள் ஹாஃப் லேப் என்று சொல்லும் இணைப்பைத் தட்டி முழுக்கப் பரப்பியதுபோல. காடி ஒரு மயிரிழை அகலமானாலும் சட்டம் ஆடும். இறுகினால் தட்டும்போது பிளக்கும். ஒரு சட்டத்தில் நேரும் பிழை அடுத்தடுத்த சட்டங்களுக்கும் கடத்தப்பட்டு, ஓரத்துக்குப் போகும்போது கோணமே மாறியிருக்கும். ஜித்தாவில் இதற்குக் கடல் கடந்து வந்த தேக்கைப் பயன்படுத்தினார்கள். ஈரக்காற்றில் தேக்கு அதிகம் உப்பாது.

இந்தத் தட்டிகள் கலைப்பொருளாக நிற்பதோடு வேலையும் செய்கின்றன. லண்டனின் பகல் வெளிச்சத்தை வடித்து, உள்ளேயிருக்கும் பொருட்களைக் காக்கின்றன. புதிய கலையைப் பழையதன் பக்கத்தில் எப்படி வைக்க வேண்டும் என்பதற்கு இந்தப் பிரிவில் இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அட்டையைப் படிக்காதவருக்கும் அதன் பயன் கிடைக்கிறது.

1978இல் பர்மிங்காமில் பிறந்த இத்ரீஸ் கான் இந்தப் பிரிவுக்காகச் செய்த ‘21 கற்கள்’ வேறு வகை. ஹஜ்ஜின்போது மக்காவுக்கு அருகே மினாவில் ஜம்ரா எனப்படும் மூன்று தூண்களுக்கும் ஏழேழு கற்களாக ஒரு நாளில் எறிவது 21. அந்த எண்ணிக்கையில் தாள்கள், ஒவ்வொன்றிலும் சொற்களை ரப்பர் முத்திரைபோல நீல நிறத்தில் மேலே மேலே குத்திக் குத்தி, வாசிக்க முடியாத அடர்த்திக்குக் கொண்டுபோயிருக்கிறார். சுவரில் அவை வரிசையாக இல்லாமல், எறிந்தவை தெறித்ததுபோலச் சிதறித் தொங்குகின்றன. கிட்டே போய் ஒரு தாளின் ஓரத்தைப் பாருங்கள்: நடுவில் சொல் அழிந்து வெறும் நீலமாகிவிட்டாலும் விளிம்பில் தனித்தனிச் சொல் தெரியும். ஒரே செயலை எண்ணி எண்ணித் திரும்பச் செய்வதுதான் அந்தச் சடங்கு; ஒரே முத்திரையைத் திரும்பத் திரும்பக் குத்துவதுதான் இந்த வேலை. கருத்தும் கையும் ஒன்றாகப் போகின்றன.

சவூதிக் கலைஞரும் மருத்துவம் படித்தவருமான அஹ்மத் மாத்தரின் ‘காந்தம்’ என்ற படைப்பும் இப்படித்தான். ஒரு கறுப்புக் கனசதுரக் காந்தம், சுற்றிலும் இரும்புத்தூள். தூளைச் சும்மா கொட்டினால் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், படம் கெட்டுவிடும். அடியில் மறைவாக இன்னொரு காந்தம் இருப்பதால்தான் தூள் எட்டவே நின்று, கஅபாவைச் சுற்றி வரும் கூட்டம்போல வட்டமாக எழுகிறது. 2012இல் இதே அருங்காட்சியகம் நடத்திய ஹஜ் கண்காட்சியில் பலரை நிறுத்திவைத்தது அது.

சிரியாவின் சுவைதாவில் பிறந்து கேம்பிரிட்ஜில் வாழும் இஸ்ஸாம் குர்பாஜின் படகுகள் இன்னும் சின்னவை. பழைய சைக்கிள் மட்கார்டை வளைத்துச் செய்த படகு, அதற்குள் எரிந்து கருகிய தீக்குச்சிகள் நெருக்கியடித்து நிற்கின்றன, அசையாமல் இருக்கத் தெளிந்த பிசின். கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்திலுள்ள மிகப் பழைய சிரியப் படகு வடிவங்களைப் பார்த்து வந்த யோசனை. தீக்குச்சி எரிந்து முடிந்தது என்பது சிரிய மக்களுக்கு என்ன நடந்தது என்பதை அட்டை இல்லாமலே சொல்லிவிடுகிறது. 2020இல் பிபிசி, நூறு பொருட்களில் உலக வரலாறு சொன்ன தன் பழைய தொடருக்கு 101ஆவது பொருளாக இதைச் சேர்த்துக்கொண்டது.

இவற்றைச் சொல்லும்போது ஒரு மனக்குறையையும் சொல்ல வேண்டும். உலகெங்கும் இப்படிப் பழையதையும் புதியதையும் சேர்த்துக் காட்டும் கண்காட்சிகள் கூடிவிட்டன. பலவற்றில் ஒரு நட்சத்திரக் கோலத்து ஓட்டின் பக்கத்தில் அதே நட்சத்திரத்தைக் கணினியில் வரைந்து அச்சடித்த பலகை ஒன்றை மாட்டி, ‘மரபுடன் உரையாடல்’ என்று எழுதிவிடுகிறார்கள். கோலம் ஒன்றாக இருப்பதால் உறவு வந்துவிடாது. பழைய ஓட்டில் ஒவ்வொரு துண்டும் உளியால் கொத்தி, பின்புறத்தைச் சாய்த்துச் சீவி, முகம் கீழாகப் பரப்பி, மேலே சாந்து ஊற்றிச் சேர்த்தது. அந்த உழைப்பு புதியதில் வேறு எந்த வடிவத்திலாவது இருக்கிறதா என்று பாருங்கள். அங்காவியின் காடியில் இருக்கிறது, குர்பாஜ் வளைத்த தகரத்தில் இருக்கிறது.

நம் ஊர்க்காரர்கள் இந்த அறைகளில் குவிமாடத்தையும் நீல ஓட்டையும் பார்த்துவிட்டு, இஸ்லாமியக் கலை என்றால் இவ்வளவுதான் என்று திரும்பக் கூடாது. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழைய பள்ளிவாசல்கள் கருங்கல் தூணும் தட்டைக் கூரையுமாக, கோயில் கட்டிய அதே கல்தச்சு மரபில், உருவங்களை மட்டும் தவிர்த்து எழுந்தவை. செதுக்கிய தூணின் பட்டையில் பூவும் கொடியும் இருக்கும். எப்படிச் செய்தார்கள் என்ற அதே கேள்வியோடு அங்கேயும் போய் நிற்கலாம்.

லண்டனில் ஒரு நாள் இருக்கிறது என்றால் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்குள்ள ஜமீல் இஸ்லாமியப் பிரிவுக்கும் எண் 42தான். நடுவில் தரையோடு படுத்திருப்பது அர்தபில் கம்பளம்: ஹிஜ்ரி 946, அதாவது 1539–40, சுமார் பத்தரை மீட்டர் நீளம், ஐந்தேகால் மீட்டருக்கும் மேல் அகலம், பட்டுப் பாவு, பட்டு ஊடையில் கம்பளி முடிச்சு. பத்தே நிறங்கள். சாயத்தைக் காக்க, ஒவ்வொரு மணிக்கும் அரைமணிக்கும் பத்து நிமிடம்தான் முழு விளக்கு எரியும். பத்து நிமிடம் முன்னதாகவே போய்த் தலைமாட்டில் எழுத்து இருக்கும் பக்கம் நின்றுகொள்ளுங்கள். அதில் மக்சூத் காஷானியின் பெயர் இருக்கிறது. பிறகு கம்பளத்தின் நடுவிலிருந்து தொங்குவதுபோல நெய்திருக்கும் இரண்டு விளக்குகளை ஒப்பிடுங்கள். ஒன்று பெரியது, ஒன்று சிறியது. ஓரங்கள் கெட்டுப்போயிருந்ததால் இதன் ஜோடிக் கம்பளத்தின் துண்டுகளை வைத்துத்தான் இதை முழுமையாக்கினார்கள். மிஞ்சிய அந்த ஜோடி இப்போது லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கிறது.

இதே அருங்காட்சியகம் இஸ்லாமிய மரபிலிருந்து எழும் சமகால வேலைகளுக்கு 2009 முதல் ஜமீல் பரிசு கொடுத்துவருகிறது. முதல் பரிசு அஃப்ரூஸ் அமீகிக்கு. அகதிகளின் கூடாரத்துக்குப் பயன்படும் பிளாஸ்டிக் விரிப்பைச் சூடான முனையால் கையாலேயே துளையிட்டுத் தொங்கவிட்டு, அதன் மேல் ஒளியைப் பாய்ச்சுகிறார். சுவரில் விழும் நிழல்தான் படம். பரிசுக் கண்காட்சி எப்போதும் இருப்பதல்ல, தேதியைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும்.

போக்குவரத்து சுலபம். இரண்டு அருங்காட்சியகங்களும் பிக்காடில்லி ரயில் பாதையில் இருக்கின்றன: பிரிட்டிஷ் மியூசியத்துக்கு ஹோபர்ன் அல்லது ரஸ்ஸல் ஸ்கொயர், மற்றதுக்குச் சவுத் கென்சிங்டன். இடையில் வண்டி மாற வேண்டாம். வெள்ளிக்கிழமைகளில் இரண்டுமே இரவு வரை திறந்திருக்கும். காலையில் 42, 43ஆம் அறைகளில் உலோகமும் பாண்டமும் பார்த்துவிட்டு, கூட்டம் கலைந்த மாலையில் கம்பளத்துக்குப் போவது நல்ல வரிசை. பிரிவுகள் அவ்வப்போது பராமரிப்புக்காக மூடப்படுவதுண்டு. கிளம்பும் அன்று காலை இரண்டு இணையதளங்களையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.